பெனிக்கு வாங்கின டிரம்பெட்

அந்தப் பையை மிதிச்சிராதிய தம்பி. இந்தா, எடுத்து மடியில வச்சிக்கிடுதேன், நீங்க நல்லாக் காலை நீட்டி உக்காருங்க. மதுரைக்கா? நாங்களும் மதுரைக்குத்தான். அன்னா, டிரைவருக்குப் பின்னால ஜன்னல் பக்கம், துப்பட்டாவால வாயைப் பொத்திக்கிட்டு ஒரு பிள்ளை இருக்கா பாருங்க, அது எம் மக. பெனிட்டா. பெனின்னு கூப்பிடுவோம். காத்து முகத்துல அடிச்சா மூச்சு முட்டுதுங்கா, ஜன்னலைச் சாத்தினா புழுங்குதுங்கா. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். நெஞ்சு டாக்டர். இதுக்கு முன்னாலயும் டாக்டர் டாக்டரா ஏறி இறங்கியாச்சு.

பைக்குள்ளயா? டிரம்பெட்டு தம்பி. கல்யாண ஊர்வலத்துல, சர்ச் பேண்டுல ஊதுவாவல்லா, அது. பிள்ளைக்கு வாங்கினது. டாக்டர்ட்ட இதை நீட்டி, "ஐயா, இதை ஊதச் சொல்லிப் பாருங்க, அப்பத் தெரியும் சீக்கு என்னன்னு"ன்னு சொல்லப் போறேன். முந்தின டாக்டர்மாரு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கையில கொடுத்து ஊதச் சொன்னாவ. இவளும் ஊதுதா. மிஷின்ல கோடு ஓடுது. "நுரையீரல் நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல, கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பிருதாவ. பிளாஸ்டிக்கை யாரு ஊத மாட்டா? நான்கூட ஊதுவேன். பித்தளையை ஊதணும்லா!

என் பேரு அருமைநாயகம். அம்பாசமுத்திரத்துல பாத்திரக்கடை. எங்க அப்பா காலத்துக் கடை. முன்னால வியாபாரம், நடுவுல வீடு, பின்னால பட்டறை. ஈயம் பூசுறது, ஒடுக்கு எடுக்கிறது, பழைய பாத்திரத்துக்கு மெருகு போடுறது, எல்லாம் அங்கனதான். ஒரு குடத்தைக் கையில எடுத்துச் சுண்டினா, தகடு என்ன கனம், எந்த ஊர் வார்ப்பு, எந்த இடத்துல ஒட்டுப் போட்டிருக்கான், சொல்லிருவேன். பித்தளை விஷயத்துல என்னை ஒருத்தன் ஏமாத்த முடியாது. இதை எதுக்குச் சொல்லுதேன்னா, டிரம்பெட்டும் பித்தளைதான பாருங்க.

பெனி வாயில்லாப் பூச்சி தம்பி. அது வேணும் இது வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல. தீபாவளிக் கடையில பக்கத்து வீட்டுப் பிள்ளைக உருண்டு புரண்டு அழும், இவ என் விரலைப் பிடிச்சிட்டு நிப்பா. அப்படிப்பட்ட பிள்ளை வாயைத் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அவ அம்மா செத்துப்போன வருசம், இவ பிளஸ் ஒன் படிக்கையில, கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட கேட்டா. "அப்பா, எனக்கு ஒரு டிரம்பெட் வேணும்."

அவ அம்மாவுக்கு இளைப்பு. ரூபாவதின்னு பேரு. நல்லாப் பாடுவா. சர்ச்சுல பாட மாட்டா, கூச்சம். பாத்திரம் வெளக்கையில பாடுவா. சாம்பலும் தேங்காநாருமா கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பாடும். கடைசி வருசம் மூச்சு பத்தலை. ஒரு பாட்டு ஆரம்பிப்பா, ரெண்டாவது வரிக்கு வரும்போது நெஞ்சு அடைச்சிக்கிடும், அப்படியே குத்தவச்சிருவா. அதென்னமோ அவளுக்கு அந்தப் பட்டறைப் புகை ஒத்துக்கிடவே இல்ல. ஈயம் பிடிக்கிறதுக்கு நவச்சாரம்னு ஒரு உப்பு போடுறப்ப வெள்ளையா ஒரு புகை வரும், நேரா அடுக்களைக்குத்தான் போவும். நமக்கெல்லாம் பழக்கம். அவளுக்குப் பிறவியிலயே பலவீனமான நெஞ்சு. அவ வீட்டு வாகு அது. அவ அண்ணன் இருக்காரு, இப்பவும் பாபநாசம் வரைக்கும் சைக்கிள்லதான் போயிட்டு வாராரு, அது வேற விஷயம்.

எங்க சபையில ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலம் கல்லறைத் தோட்டத்துலதான் ஆராதனை. எல்லாரும் மெழுகுவத்தியோட போயி அவங்கவங்க வீட்டுக் கல்லறைப் பக்கத்துல நிப்போம். பேண்டு வாசிப்பாவ. பெனி சொன்னா, "அம்மா பாதியில விட்ட பாட்டை நான் அவ கல்லறையில நின்னு முழுசா ஊதணும்ப்பா. ரெண்டாவது வரியில இருந்து கடைசி வரைக்கும்." சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சிக்கிட்டா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு தம்பி. இதுக்குக்கூட வாங்கிக் கொடுக்கலைன்னா நான் என்ன அப்பன்?

பேண்டை நடத்துறது கிளாட்சன்னு ஒரு பையன். டிரில் வாத்தியாரு. வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, இப்பவே புதுசு வாங்க வேண்டாம். சபை பீரோவுல பழைய டிரம்பெட் ஒண்ணு கெடக்கு. பாக்கதான் ஒடுக்கு விழுந்திருக்கும், சத்தம் சுளுவா வரும். புதுசாப் படிக்கவங்களுக்கு அதுதான் சரி. உதடு பழகட்டும், பொறவு வாங்கலாம்"னான்.

பழசா? எத்தனை பேரு வாய் வச்சதோ! எச்சி ஒழுகி, ஒழுகி, உள்ள என்ன கெடக்கோ! என் பிள்ளையை அடுத்தவன் எச்சியில வாய் வைக்கச் சொல்லுதியான்னு கேட்டுட்டேன். அவன் சிரிக்கான். "சர்ச்சுல திருவிருந்துக்குத் திராட்சரசம் குடிக்க எல்லாரும் ஒரே கிண்ணத்துலதான அண்ணாச்சி வாய் வைக்கோம்?"ங்கான். "ஏலே, அது வெள்ளிக் கிண்ணம்லா! வெள்ளிக்கு எச்சி கிடையாது"ன்னேன். சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டான். பாத்திரக்காரன்ட்ட பேசுதான் பேச்சு.

நாகர்கோயில்ல பெரிய கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி அலமாரியில வரிசையா வச்சிருக்கான், கோயில் விளக்கு மாதிரி மின்னுது. கடைக்காரன் ஒண்ணை எடுத்துக் கொடுத்தான், "ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் சார்"னு. மௌத்பீஸை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, உதட்டை எப்படி வைக்கணும்னு காமிச்சான். பெனி வாங்கி வாயில வச்சா. உதட்டை ஒரு மாதிரி குவிச்சா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. திடீர்னு "பூம்"னு ஒரு சத்தம் தம்பி. கடையில இருந்த ஆளெல்லாம் திரும்பிப் பாக்காவ. அவளும் பயந்துபோயி வாயில இருந்து எடுத்தா, எடுத்துட்டுச் சிரிச்சா. அவ அம்மா போனதுக்குப் பொறவு அன்னிக்குத்தான் சிரிச்சா. இன்னொரு தடவை ஊதினா. மறுபடியும் பூம்! "அப்பா, வருதுப்பா!"ங்கா. கடைக்காரன், "முதல் ஊதுலயே இப்படி யாருக்கும் வராது. நல்ல மூச்சு சார் பாப்பாவுக்கு"ன்னான்.

வியாபாரி அப்படித்தான சொல்லுவான்? நானும் வியாபாரிதான். நான் அந்த டிரம்பெட்டைக் கையில வாங்கிப் பாத்தேன். அப்பளம் மாதிரி இருக்கு! சுண்டிப் பாத்தேன், டிங்குன்னு ஒரு சத்தம், டீக்கடை தட்டு மாதிரி. மேல வேற என்னமோ வார்னிஷைப் பூசி வச்சிருக்கான். "இது தகரம்யா, கனத்துல எடு"ன்னேன். "சார், கனமா இருந்தா பிள்ளைக்குக் கை வலிக்கும், பொத்தானும் முரடா இருக்கும், கனமானதை வாசல்ல அழகுக்கு மாட்டத்தான் வாங்கிட்டுப் போவாங்க"ன்னு என்னென்னமோ சொல்லுதான். கொல்லன் தெருவுல ஊசி விக்கப் பாக்கான்! மேல் தட்டுல ஒண்ணு இருந்துச்சு. எடுக்கச் சொன்னேன். ஆகா! கையில வச்சதும் அப்படியே கீழ இழுக்கு. சுண்டினா மணிச் சத்தம், நிக்கவே மாட்டேங்குது. பித்தளைன்னா அது பித்தளை. பெனி அந்தத் தகரத்தையே பாத்துட்டு நின்னா. "எம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது, இது உன் பிள்ளைக்குப் பிள்ளை வரைக்கும் வரும்"ன்னேன். சரிப்பான்னுட்டா. நான் சொன்னாத் தட்ட மாட்டா. அது ஒரு நல்ல குணம் அவட்ட.

விலை கூடத்தான். நான் பாக்கலை. பிள்ளைக்குன்னு வந்துட்டா விலையைப் பாப்பியளா?

வீட்டுக்குக் கொண்டுவந்து புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சு வச்சோம். அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. இது வெறும் பித்தளை. பிள்ளை வாய் வைக்கப் போறா. எச்சி உள்ள இறங்கும். புளிப்போ உப்போ ஈரமோ பட்டா பித்தளை என்ன செய்யும்? பச்சையாக் களிம்பு கக்கும். களிம்பு விஷம்லா. ஈயம் பூசாத பித்தளையில ரசம் வச்சுக் குடிச்சிட்டு வாந்தி எடுத்தவங்க கதை எல்லாம் எங்க தொழில்ல உண்டு. அவ அம்மாவைத்தான் காப்பாத்த முடியலை, இவளுக்காவது ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னு எனக்கு. விக்கிறவன் இதெல்லாம் பாப்பானா? அவன் பிள்ளையா ஊதப்போகுது?

ஆள்கிட்ட விடலை. நானே பட்டறையில உக்காந்தேன். வாய் வைக்கிற குமிழுக்கும், அது சொருகுற குழாய்க்கும் ஈயம் பூசுனேன். பாத்திரம்னா உள்ள துணியை விட்டுத் துடைச்சிறலாம். இது குழாயாப் போச்சு, வளைஞ்சு வளைஞ்சு போவுது, கை நுழையாது. அதனால சூடு பண்ணி, நவச்சாரத்தைப் போட்டு, ஈயத்தை உருக்கி உள்ள ஊத்தி, ஒரு சுழட்டு சுழட்டிக் கவுத்தேன். ஊத்தினதுல கொஞ்சம்தான் வெளிய வந்துச்சு. எனக்கு அப்படி ஒரு திருப்தி. மிச்சம் எல்லாம் உள்ள நல்லாப் பிடிச்சிக்கிட்டுன்னுதான அர்த்தம்? சாதாரணமா ஒரு பூச்சுதான் பூசுவோம். இதுக்கு மூணு பூச்சு. கல்யாண அண்டாவுக்குக்கூட நான் மூணு பூச்சு பூசினது கிடையாது.

பொறவு பிள்ளை ஊத ஆரம்பிச்சா. வரலை.

வரவே இல்ல தம்பி. பிரஷர் குக்கர் விசிலடிக்கிறதுக்கு முன்னால ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருமே, அதுதான் வருது. பழக்கம்தான், வரும் வரும்னேன். காலையில எந்திரிச்சு ஊதுவா, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊதுவா. கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணுல தண்ணி வரும். தலை சுத்தி உக்காந்துருவா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் எந்திரிப்பா. உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு, தேங்கா எண்ணெ தடவிக்கிட்டு ஊதினா. "கடையில வந்துச்சேப்பா"ன்னு ஒரு நாள் கேட்டா. "அது கடைக்காரன் வித்தைம்மா, விக்கிறதுக்குன்னு என்னமோ செஞ்சு வச்சிருப்பான்"ன்னேன். அதுக்கப்புறம் அவ கடைப் பேச்சை எடுக்கலை.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கிளாட்சன் வந்தான். பெனி டியூஷன் போயிருந்தா. "டிரம்பெட்டைக் கொடுங்க அண்ணாச்சி, பாப்போம்"னு வாங்கி ஊதினான். பூசணிக்கா மாதிரி கன்னம் உப்புது, மூஞ்சி சிவந்துட்டு, சத்தம் வந்தாத்தான? "அண்ணாச்சி, இது எனக்கே வரலை. உள்ள எங்கயோ அடைச்சிருக்கு. பிள்ளை மேல தப்பில்ல, இதைப் போட்டுட்டு சபை டிரம்பெட்டை ஊதட்டும்"ங்கான். எப்படி இருக்கு பாருங்க கதை! இவனுக்கே மூச்சு இல்ல, இவன் என் மகளுக்குப் படிச்சுக் கொடுக்க வந்துட்டான்! அடைச்சிருக்காம்லா. நான் என் கையால பூசினதுய்யா அது! மறுபடியும் அந்த எச்சி டிரம்பெட்டுலயே வந்து நிக்கான். "நீ இனிமே இந்த நடை ஏறாத"ன்னுட்டேன்.

பெனிட்ட சொல்லலை. எதுக்குச் சொல்ல? படிச்சுக் கொடுக்கிற வாத்தியாருக்கே ஊத வரலைன்னு தெரிஞ்சா பிள்ளை மனசு விட்டுறாதா?

ஈஸ்டர் அன்னிக்கு வெள்ளைச் சேலை கட்டி வந்தா, அவ அம்மா சேலை. கல்லறை மேல மெழுகுவத்தி ஏத்தி வச்சோம். கிளாட்சன் கோவத்தை எல்லாம் வச்சிக்கிடலை, அதைச் சொல்லணும். மத்தவங்களை நிப்பாட்டச் சொல்லிட்டு இவளுக்காகக் காத்து நின்னான். சபை மொத்தமும் திரும்பி நிக்கு. பெனி டிரம்பெட்டைத் தூக்கினா. கனம்லா, ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சா.

ஸ்ஸ்ஸ்...

மறுபடியும் ஊதினா. ஸ்ஸ்ஸ்... பின்னால ஏதோ ஒரு சின்னப்பிள்ளை கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டு, அதை யாரோ சத்தம் போட்டாவ. இவ நிப்பாட்டலை. உதட்டு ரத்தம் தாடையில இறங்கி அம்மா சேலையில சொட்டுது, இவ ஊதிக்கிட்டே நிக்கா. நான்தான் போயிக் கையைப் பிடிச்சேன். டிரம்பெட்டைக் கல்லறை மேல வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா. கிளாட்சன் என்னமோ சொல்லப் பக்கத்துல வந்தான். "போதும்ப்பா, நீ சொன்னதெல்லாம் போதும், போ"ன்னு விரட்டிட்டேன். பொறவு அவனுக்கும் தென்காசிப் பக்கம் மாத்தலாயிட்டு.

பெனி என்னைப் பாத்துக் கேட்டா தம்பி. அழலை. மெதுவாக் கேட்டா. "அப்பா, எனக்கும் அம்மாவோட மூச்சுதானாப்பா?"

கண்ணால பாத்துட்டேன். "ஆமா மக்கா"ன்னேன்.

அன்னியில இருந்து இப்படித்தான். கல்லூரியில இடம் கிடைச்சுது, கிளாஸு மாடியில. படியேற முடியலைன்னு பாதியிலயே நிப்பாட்டிட்டா. வேகமா நடக்க மாட்டா. சத்தமாப் பேச மாட்டா. முந்தி பாத்திரம் வெளக்கும்போது அவ அம்மா மாதிரி அவளும் ஏதாவது முணுமுணுப்பா, இப்ப அதுவும் இல்ல. வீட்டுல குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேக்கும். ராத்திரி நெஞ்சுல கையை வச்சிக்கிட்டு எண்ணிக்கிட்டே கெடப்பா. ஒரு நல்ல இடம் கேட்டு வந்தாவ, பையன் பேங்குல இருக்கான். "வேண்டாம்ப்பா, அம்மா உங்களை விட்டுட்டுப் போன மாதிரி நானும் ஒருத்தரை விட்டுட்டுப் போகணுமா?"ங்கா. பட்ட காலுலயே படும்னு சும்மாவா சொன்னாவ. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைச்சதில்ல தம்பி.

பாக்கணுமா? தாராளமாப் பாருங்க. திருமங்கலம் தாண்டிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. இந்தாங்க... ஆங், ரெண்டு கையாலயும் பிடிங்க. பாத்தியளா கனத்தை! அதைக் கழட்டலாம், அதுதான் வாய்க்குமிழ். வெளிச்சத்துல காட்டிப் பாக்கியளா? பாருங்க, பாருங்க. எப்படி வெள்ளையா மின்னுது! எதுத்த பக்கம் வெளிச்சம் தெரியலையா? நல்லாப் பாருங்க, ஊசி நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை தெரியும். காத்துதான போகணும், அது போதாதா? காத்துக்கு என்ன கையா காலா?

ஏன் தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு? பஸ்ஸு ஒத்துக்கிடலையா?

என்னது? ஈயமா? அட, ஈயம் எப்படித் தம்பி அடைக்கும்? எத்தனை வருசமா ஈயம் பூசுதேன். எந்த அண்டா அடைச்சிருக்கு? நீங்க என்ன வேலை பாக்கிய? செல்போன் கடையா? ம். பெனிட்ட சொல்லவா? நீங்களா? வேண்டாம், உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்லுதேன்லா. அவ இந்த டிரம்பெட்டைப் பாத்தாலே அழுவா, அழுதா இளைப்பு வரும். இப்பத்தான் விதியேன்னு ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டு இருக்கா. அவட்டப் போயி உனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆசை காட்டுதியளா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல? நீங்களா? பிள்ளையைப் பெத்தவன் நான்.

ஸ்டாப் வந்துட்டு. கண்டக்டர், ஆஸ்பத்திரி ஸ்டாப்பு, ரெண்டு பேரு! அந்தக் குமிழைத் தாங்க தம்பி. தாங்க. ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கிய? டாக்டர்ட்ட காட்டணும்லா. விடுங்க... சரி, வாரேன்.

ஏட்டி பெனி! எம்மா! எந்திரி. ஓடாத, பஸ்ஸு நிக்கும். கம்பியைப் பிடிச்சிக்கிட்டுப் பையப் பைய இறங்கு. அந்தத் தம்பி என்னமோ கூப்பிடுதாரு, நீ ஒண்ணும் பதில் சொல்லாத. பேசாத தாயி, மூச்சு செலவாயிரும்.